சிறிய காரில் ஏழு வாரக் குழந்தையின் இருக்கையைப் பொருத்துவது எப்படி?

வேளச்சேரிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் பிறந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. மனைவியும் குழந்தையும் செங்கல்பட்டில் என் மாமனார் வீட்டில் இருக்கிறார்கள். மூன்றாம் மாதம் முடிந்ததும் இருவரையும் வேளச்சேரிக்கு அழைத்து வர வேண்டும். அந்தப் பயணத்தை முன்வைத்தே இங்கே எழுதுகிறேன்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குச் சென்ற அன்று, மாமியார் பின் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்திருந்தார். ஜி.எஸ்.டி. சாலையில் முன்னால் சென்ற வேன் திடீரென்று நின்றதால் நானும் பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டியதாயிற்று. நாங்கள் வேகமாகச் செல்லவில்லை; எதன்மீதும் மோதவும் இல்லை. ஆனாலும் மாமியார் முன்பக்கம் சரிந்து, குழந்தையின் தலை முன் இருக்கையின் முதுகிலிருந்து ஒரு சாண் தூரம் வரை போய்விட்டது. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாளே குழந்தை இருக்கை ஒன்றை வாங்கிவிட்டேன்.

பிறந்ததிலிருந்து 18 கிலோ எடை வரை பயன்படுத்தக்கூடிய இருக்கை அது. ஐ.நா. விதி 44/04-இன்படி ஒப்புதல் பெற்றதற்கான ஆரஞ்சு நிற ஒட்டுச்சீட்டு அதில் இருக்கிறது. காரிலேயே பதித்திருக்கும் கம்பிகளில் நேராக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் கிடையாது. காரின் சீட் பெல்ட்டாலேயே கட்ட வேண்டிய வகை. எங்கள் கார் 2018-இல் வாங்கிய சிறிய ஹேட்ச்பேக். கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் முயன்றும் என்னால் அதைச் சரியாகப் பொருத்த முடியவில்லை.

பெல்ட்டை இருக்கையின் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்தால் பக்கிளைத் தொட நான்கு விரற்கடை குறைகிறது. இருக்கையோ சாயாமல் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிறது. குழந்தை அளவுள்ள பொம்மை ஒன்றை உட்கார வைத்துப் பார்த்தபோது அதன் தலை மார்பின்மேல் கவிழ்ந்தது. மேலும், குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி பின்னோக்கி வைத்தால் முன் இருக்கையை டேஷ்போர்டை ஒட்டித் தள்ள வேண்டியிருக்கிறது. பேசாமல் முன் இருக்கையிலேயே வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. அப்படி வைத்தால் ஓட்டும்போதே குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணாநகர்த் தாய் எழுதியது:

மகளுக்கு என் வாழ்த்துகள். உங்களுடைய கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் தவறினால் மற்ற எதுவும் பயன்படாது. முன் இருக்கையில் ஏர்பேக் இருந்தால், பின்னோக்கிய குழந்தை இருக்கையை அங்கே எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். முன்பக்கத்தில் உட்காரும் பயணியின் தலைக்கு மேலே உள்ள வெயில் தடுப்புப் பலகையை மடக்கிப் பாருங்கள். குழந்தை இருக்கையின்மீது குறுக்குக் கோடு போட்ட எச்சரிக்கைப் படம் அதில் இருக்கும். ஏர்பேக் மணிக்கு 300 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் விரிகிறது. பின்னோக்கிய இருக்கையில் குழந்தையின் தலை இருக்கும் பகுதி டேஷ்போர்டுக்கு மிக அருகில் அமைவதால், விரிந்து வரும் பை அந்த இருக்கையின் முதுகையே தாக்கும். பெரியவர்களைக் காக்கும் அதே பை சிசுவின் உயிரைப் பறித்துவிடும்.

இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து முன்பயணிக்கான ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது. உங்களுடையது அதற்கு முந்தைய கார் என்றாலும் அதில் ஏர்பேக் இருக்க வாய்ப்பு உண்டு.

எங்கள் இரண்டு பிள்ளைகளும் பின் இருக்கையின் இடப்பக்கத்தில்தான் வளர்ந்தார்கள். நம் ஊரில் இடப்பக்கம்தான் நடைபாதைப் பக்கம் என்பதால், குழந்தையை ஏற்றி இறக்கும்போது பேருந்துகளுக்கும் பைக்குகளுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சாலையில் நிற்க வேண்டியதில்லை. முன் இருக்கை முன்னால் தள்ளப்படுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதைக் காலியாகவே விட்டுவிட்டு, மனைவியைப் பின்னால் வலப்பக்கம் குழந்தையின் அருகில் அமரச் சொல்லுங்கள். எவரேனும் முன்னால் உட்கார்ந்தே ஆக வேண்டுமானால், அவருடைய மார்புக்கும் டேஷ்போர்டுக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அந்த இடைவெளி கிடைக்காவிட்டால் அவர் வேறு வண்டியில் வரட்டும்.

அம்பத்தூர்ப் பொறியாளர் எழுதியது:

தம்பி, நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பேரனுக்காக இதே வேலையை இரண்டு கார்களில் செய்திருக்கிறேன். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இருக்கை ஏன் பின்னோக்கி இருக்க வேண்டும் என்பது முதலில் மனத்தில் பதிய வேண்டும். சிசுவின் உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தலைதான். கழுத்தெலும்புகள் இன்னும் முழுமையாக எலும்பாகாமல் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. முன்னோக்கி அமர்ந்திருக்கும் குழந்தையின் உடலை மோதலின்போது வார்கள் பிடித்துக்கொள்ளும். தலையை எதுவும் பிடிக்காது. அந்தப் பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும். பின்னோக்கி அமர்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்கையின் முதுகில் பதிந்து, விசை பரவலாகிவிடும். மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-இல் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் உருவாக்கினார். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1964-இல், பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற சுவீடன் பேராசிரியர் பின்னோக்கிய குழந்தை இருக்கையின் முதல் மாதிரியைச் சோதித்தார். ஏவும்போது உண்டாகும் விசையை முதுகில் தாங்கும்படி விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்திருப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது.

இப்போது பெல்ட்டுக்கு வருகிறேன். நான்கு விரற்கடை குறைகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. இரு நிலைகளிலும் வைக்கக்கூடிய இருக்கைகளில் பெல்ட் செல்வதற்கு இரண்டு தனி வழிகள் உண்டு. பின்னோக்கி வைக்கும்போது நீல நிறக் குறியிட்ட வழி. முன்னோக்கி வைக்கும்போது சிவப்பு நிறக் குறியிட்ட வழி. நீங்கள் சிவப்பு வழியில் பெல்ட்டைச் செலுத்தியிருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். உறையைச் சற்று விலக்கிப் பாருங்கள். சில இருக்கைகளில் அந்தக் குறிகள் துணிக்கு அடியில் மறைந்திருக்கும். தவறான வழியில் கட்டிய இருக்கை வெளிப்பார்வைக்கு உறுதியாகத் தெரிந்தாலும், மோதலில் அதன் நடத்தையை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சரியான வழியிலும் பெல்ட் எட்டாவிட்டால், அந்த இருக்கை அந்தக் காருக்கு உரியது அன்று என்று ஒப்புக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெல்ட்டை நீட்டித் தருகிறோம் என்று சொல்லும் இணைப்புத் துண்டுகளைத் தொடவே வேண்டாம்.

பெல்ட்டை மாட்டிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பெல்ட் எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகச் செல்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு இருக்கையின் அடிப்பகுதியைக் கையாலோ முழங்காலாலோ நன்றாக அழுத்திக்கொண்டு, இடுப்புப் பகுதியில் உள்ள தொய்வு முழுவதையும் தோள் பகுதி வழியாக இழுத்து வெளியேற்றுங்கள். ஒருவர் அழுத்த, இன்னொருவர் இழுத்தால் எளிது. முடிந்ததும், பெல்ட் நுழையும் இடத்தருகே இருக்கையைப் பிடித்து இடவலமாக அசைத்துப் பாருங்கள், 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. மேல் விளிம்பைப் பிடித்து ஆட்டிவிட்டு ஆடுகிறதே என்று அஞ்ச வேண்டாம். பின்னோக்கிய இருக்கையின் மேல்முனை சற்று ஆடுவது இயல்பு.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: காரின் பக்கிள், குழந்தை இருக்கையின் விளிம்பின்மீது வளைந்து கிடக்கக் கூடாது. பக்கிளின் தண்டு நீளமாக உள்ள கார்களில் இது அடிக்கடி நேர்கிறது. பெல்ட் இழுபடும்போது பக்கிளே நெம்புகோலில் சிக்கியதுபோல் வளைந்து உடையலாம். அப்படி இருந்தால் மறுபக்க இருக்கையில் வைத்துப் பாருங்கள்.

நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் காரின் இருக்கைதான். பின் இருக்கையின் மெத்தை முன்பக்கம் உயர்ந்தும் முதுகுப் பக்கம் தாழ்ந்தும் இருக்கும். பின்னோக்கி வைக்கும்போது குழந்தையின் கால் பக்கம் அந்தப் பள்ளத்தில் இறங்குவதால், தலைப்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. முதலில் இருக்கையிலேயே சாய்வை மாற்றும் பிடி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் போதவில்லை என்றால், இருக்கையின் கையேடு அனுமதித்தால் மட்டும், ஒரு துவாலையை இறுகச் சுருட்டி, காரின் மெத்தையும் முதுகும் சேரும் பள்ளத்தில் வைத்து அதன்மேல் இருக்கையைப் பொருத்துங்கள். பிறந்த குழந்தைக்குச் செங்குத்திலிருந்து 45 பாகை வரை சாய்வு வேண்டும்; அதற்கு மேல் சாய்த்தால் பாதுகாப்பு குறையும். இருக்கையின் பக்கவாட்டில் ஒரு கோடு வரைந்திருப்பார்கள். அது தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளச் சரிவில் நிறுத்திக்கொண்டு அளக்காதீர்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அளவெடுங்கள்.

மயிலைப் பாட்டி எழுதியது:

நான் நான்கு பிள்ளைகளையும் ஆறு பேரப்பிள்ளைகளையும் வளர்த்தவள். உங்கள் எல்லோருடைய அக்கறையும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இரண்டு மாதப் பச்சிளம் குழந்தையை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் வைத்துக் கட்டி, யாருடைய முகமும் தெரியாமல் பின்பக்கம் திருப்பி வைப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை. மடியின் சூடும் தாயின் வாசனையும் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லையா? அந்தக் காலத்தில் அம்பாசடர் காரில் மெட்ராஸிலிருந்து கும்பகோணம் வரை பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடிதான் போனோம். அழுதால் என்ன செய்வீர்கள்? பசித்தால் என்ன செய்வீர்கள்? கேட்கிறேன் என்று தவறாக எண்ண வேண்டாம்.

அம்பத்தூர்ப் பொறியாளர் எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்டதில் தவறு எதுவும் இல்லை. என் வீட்டிலும் இதே கேள்வி எழுந்தது. என் மனைவிக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். மோதும்போது கார் அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது உள்ளே இருப்பவர்கள்மீது, அவர்களுடைய எடையைப் போல் சுமார் 20 மடங்கு விசை விழுகிறது. ஐந்து கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 100 கிலோ மூட்டையைப் போல முன்னால் இழுக்கும். இவ்வளவும் ஒரு வினாடியில் பதினான்கில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கையை இறுக்க வேண்டும் என்று மனம் நினைப்பதற்குள் எல்லாம் நடந்துவிடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில்கூட, இதே கணக்குப்படி அந்தக் குழந்தை 35 கிலோ கனக்கும். எவ்வளவு அன்பான கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. மடியில் வைத்திருப்பவர் சீட் பெல்ட் போடாவிட்டால் அவருடைய உடலே குழந்தையின்மேல் வந்து விழும். ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போட்டாலோ, பெல்ட்டுக்கும் பெரியவரின் உடலுக்கும் நடுவில் குழந்தை நசுங்கும்.

அந்தக் காலத்தில் நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது சாலை உங்களைச் சோதிக்காததால்தான், அம்மா. எல்லாக் குடும்பங்களுக்கும் அப்படி அமையவில்லை.

அண்ணாநகர்த் தாய் எழுதியது:

பாட்டியின் இன்னொரு கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். குழந்தை அழுதால் அருகில் அமர்ந்திருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், பாடலாம், முகத்தைக் காட்டலாம். பின்னோக்கிய குழந்தைக்குப் பக்கத்தில் இருப்பவரின் முகம் நன்றாகவே தெரியும். பசித்தால் காரை ஓரமாக, நிழலில், பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு, வெளியே எடுத்துப் பாலூட்ட வேண்டும். ஓடும் வண்டியில் ஐந்து நிமிடம்தானே என்று அவிழ்த்து எடுப்பது மட்டும் கூடாது. செங்கல்பட்டிலிருந்து வேளச்சேரிக்கு நடுவில் ஒரு முறை நிறுத்துவதாகத் திட்டமிட்டே கிளம்புங்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையைச் சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு.

எழும்பூர்ச் செவிலியர் எழுதியது:

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பணிபுரிபவள் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பொம்மையின் தலை மார்பின்மேல் கவிழ்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சிறிய குறையாக எண்ணிவிடாதீர்கள். இந்த வயதில் குழந்தைக்குத் தலையைத் தானாக நிமிர்த்தும் வலிமை இல்லை. மூச்சுக்குழாயோ மிகவும் மென்மையானது. தாடை மார்பில் அழுந்தினால் மூச்சுப் பாதை மடங்கி அடைபடும். குழந்தை அழாது, திமிறாது. அமைதியாகத் தூங்குவது போலவே தெரியும். ஆகவே சாய்வைச் சரிசெய்யாமல் ஒரு தெருக்கூட அழைத்துச் செல்ல வேண்டாம். அருகில் அமர்பவர் அடிக்கடி தாடையையும் உதட்டின் நிறத்தையும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். 37 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தையாக இருந்தால், மருத்துவரிடம் கேட்காமல் இருக்கையைப் பயன்படுத்தாதீர்கள்.

தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கையில் வைத்திருக்க வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், தூங்குகிறதே என்று இருக்கையிலேயே விட்டுவிடாமல், எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

குழந்தையைத் துணியில் சுற்றி அப்படியே இருக்கையில் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். கால்கள் தனித்தனியே இருந்தால்தான் நடுவார் அவற்றுக்கிடையே வர முடியும். மெல்லிய பருத்திச் சட்டை போதும். முதலில் வார்களை மாட்டி இறுக்குங்கள். குளிர்சாதனக் காற்று நேரே பட்டால் மெல்லிய துணியை மேலே போர்த்துங்கள். பின்னோக்கிய இருக்கையில் தோள் வார்கள் குழந்தையின் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ உள்ள துளையிலிருந்து வர வேண்டும். இறுக்கிய பின் தோளருகே வாரை இரு விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பாகக் கிள்ள முடிந்தால் இன்னும் தொய்வு இருக்கிறது என்று பொருள். கூடுதல் மென்மைக்காகத் தனியே விற்கும் தடித்த மெத்தைகளைக் குழந்தைக்கு அடியில் போடாதீர்கள்; அழுத்தத்தில் அவை நசுங்கி வார் தொய்ந்துவிடும்.

கழுத்தில் தாயத்துக் கயிறோ சங்கிலியோ இருந்தால் பயணத்துக்கு முன் கழற்றிவிடுங்கள். அரைஞாண் கயிற்றில் கோத்த வெள்ளி மணிகள் இடுப்பு வாருக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் ஒதுக்கிவிட்டால் போதும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும். மே மாதச் சென்னையில் பக்கிளின் உலோக நாக்கு தோலைச் சுட்டுவிடும். குழந்தையை உட்கார வைப்பதற்கு முன் அதை உங்கள் புறங்கையில் வைத்துப் பாருங்கள். மருந்துக் கடைதானே, இரண்டு நிமிடம்தானே என்று குழந்தையைக் காரில் விட்டுச் செல்லவே கூடாது.

கொளத்தூர்வாசி எழுதியது:

வேளச்சேரி நண்பரே, உங்கள் காரில் வெளியே வாங்கிப் போட்ட சீட் கவர் இருக்கிறதா? எங்கள் காரில் இருந்தது. அதைப் பொருத்திய கடைக்காரர் பின் இருக்கையின் பக்கிள்களை மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கவரை இழுத்துத் தைத்திருந்தார். ஐசோஃபிக்ஸ் கம்பிகளும் அதற்குள்ளேயே மறைந்துபோயின. எங்கள் காரில் ஐசோஃபிக்ஸ் இருக்கிறது என்பதே ஓராண்டுக்குப் பிறகு காரின் கையேட்டைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை மகனைச் சரியாகக் கட்டப்படாத இருக்கையில் அழைத்துச் சென்றோம் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. மெத்தையும் முதுகும் சேரும் இடத்தில் கையை விட்டுத் தேடினால், 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பிகள் தட்டுப்படும். தடித்த, வழுக்கும் கவரின்மேல் பெல்ட்டால் கட்டினாலும் இருக்கை நாளடைவில் தளர்ந்துவிடுகிறது. நாங்கள் பின் இருக்கையின் கவரை முழுவதுமாகக் கழற்றிவிட்டோம்.

ஐசோஃபிக்ஸ் இருக்கை வாங்குவோருக்கு ஒரு சொல்: இரண்டு கம்பிகளில் மாட்டி, சரியாக மாட்டியதைக் காட்டும் பச்சை நிறம் தெரிந்ததோடு வேலை முடிந்துவிடாது. இருக்கை முன்பக்கம் கவிழாமல் தடுக்க மூன்றாவது பிடி ஒன்று வேண்டும்; அது இருக்கையின் மேல்பகுதியைக் காரோடு கட்டும் மேல்வாராகவோ தரையில் ஊன்றும் காலாகவோ இருக்கும். சிறிய ஹேட்ச்பேக்குகளில் மேல்வாரை மாட்டும் வளையம் பெரும்பாலும் பின் இருக்கையின் முதுகுப்புறத்தில் இருக்கும். டிக்கியில் சாமான் கட்டுவதற்காக வைத்திருக்கும் கொக்கியை அதுவென்று நினைத்து மாட்டிவிடாதீர்கள். ஊன்றுகால் உள்ள இருக்கையானால், அந்தக் காரின் தரை அதற்கு ஏற்றதா என்று இருக்கை நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

பெருங்குடித் தந்தை எழுதியது:

எங்களுக்குக் கார் இல்லை, டாக்சியில்தான் செல்கிறோம். பெல்ட்டால் கட்டும் இருக்கையை எடுத்துச் சென்று டாக்சியிலேயே பொருத்திக்கொள்கிறோம். பழகிய பிறகு ஐந்து நிமிடம் ஆகிறது. வண்டி வந்ததும் பின் இருக்கையில் பக்கிள் வெளியே இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற சாமான்களை ஏற்றுவோம். இல்லாவிட்டால் அந்த வண்டியை அனுப்பிவிடுவோம்.

நண்பர் ஒருவர் தம் பிள்ளையின் பழைய இருக்கையைத் தருவதாகச் சொன்னார். வாங்கலாமா?

அம்பத்தூர்ப் பொறியாளர் எழுதியது:

விபத்தில் சிக்காதது என்று அவரே உறுதி சொன்னால், தயாரித்த தேதியும் காலக்கெடுவும் அச்சிடப்பட்டிருந்தால், கையேடும் எல்லா உதிரிகளும் இருந்தால் வாங்கலாம். முன்பின் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். பிளாஸ்டிக்கில் விழுந்த மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. நம் ஊர் வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பிளாஸ்டிக் வலுவிழந்திருக்கவும் கூடும்.

வேளச்சேரிவாசி எழுதியது:

உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லச் சொற்கள் போதவில்லை. பொறியாளர் ஐயா சொன்னது முற்றிலும் சரி. நான் சிவப்பு வழியில்தான் பெல்ட்டைச் செலுத்தியிருந்தேன். நீல அம்புக்குறிகள் உறையின் மடிப்புக்கு அடியில் இருந்தன. நீல வழியில் செலுத்தியதும் பெல்ட் பக்கிளை எட்டியதோடு ஒரு சாண் மிச்சமும் இருக்கிறது. தம்பி முழங்காலால் அழுத்த, நான் தொய்வை இழுத்தேன். இப்போது அடிப்பகுதி ஒரு விரற்கடைகூட அசையவில்லை. சாய்வுப் பிடியைக் கடைசிப் படிக்கு மாற்றியும் சற்று நிமிர்ந்தே இருந்தது. கையேட்டில் அனுமதி இருந்ததால் சுருட்டிய துவாலையை வைத்தேன். கோடு தரைக்கு இணையாக வந்துவிட்டது. பொம்மையின் தலை கவிழவில்லை.

எனக்கு இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. 9 கிலோ ஆனதும் முன்னோக்கித் திருப்பலாம் என்று இருக்கையின் ஒட்டுச்சீட்டு சொல்கிறது. முதல் பிறந்தநாளுக்கு முன் திருத்தணிக்கு மொட்டை போட அழைத்துச் செல்ல வேண்டும். அதற்குள் அவள் அந்த எடையை எட்டிவிடலாம். அப்போது திருப்பிவிடலாமா?

எழும்பூர்ச் செவிலியர் எழுதியது:

திருப்ப வேண்டாம். எடை கூடினாலும் கழுத்தின் வலிமை வயதோடுதான் வளரும். உங்கள் இருக்கை ஒப்புதல் பெற்ற விதிக்குப் பிறகு வந்த ஐ.நா. விதி 129, 15 மாதம் வரை பின்னோக்கியே வைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், இருக்கை அனுமதிக்கும் எடை, உயர வரம்பை எட்டும் வரை பின்னோக்கியே வைக்கும்படி 2018-இல் அறிவுறுத்தியது. உங்கள் இருக்கை 13 கிலோ வரை பின்னோக்கி அனுமதிக்கிறது என்றால், தலை இருக்கையின் மேல்விளிம்பைத் தாண்டாத வரையில் அந்த 13 கிலோவையும் பயன்படுத்துங்கள். கால்கள் மடங்கி, காரின் முதுகில் இடிக்கிறதே என்று பலரும் அவசரப்பட்டுத் திருப்புகிறார்கள். குழந்தைகள் சம்மணமிட்டு வசதியாகவே உட்கார்ந்துகொள்வார்கள்.

மயிலைப் பாட்டி எழுதியது:

35 கிலோ என்ற கணக்கை இரண்டு நாட்களாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் 25 கிலோ அரிசி மூட்டையையே என்னால் நகர்த்த முடியாது. என் கொள்ளுப்பேத்தி அடுத்த மாதம் பல்லாவரத்திலிருந்து வருகிறாள். இருக்கை வாங்கிவிட்டுத்தான் அழைத்து வர வேண்டும் என்று பேரனிடம் நானே சொல்லிவிட்டேன்.

வேளச்சேரி அப்பாவுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்று உண்டு. திருத்தணிக்குப் போகும்போது தேங்காய்ப் பையையும் எவர்சில்வர் தூக்கையும் பின் கண்ணாடியை ஒட்டிய பலகையில் வைக்கும் வழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. குழந்தையே 100 கிலோ ஆகுமென்றால் அந்தத் தேங்காய்கள் என்ன ஆகும்? எல்லாவற்றையும் டிக்கியில் கீழே வையுங்கள்.

வேளச்சேரிவாசி எழுதியது:

பாட்டி அம்மா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் போய்ப் பார்த்தேன். அந்தப் பலகையில் ஒரு குடையும் இரண்டு கிலோ எடையுள்ள ஜாக்கிப் பெட்டியும் இருந்தன. எடுத்துவிட்டேன்.

நேற்று இருக்கையுடன் செங்கல்பட்டுக்குச் சென்று, குழந்தையை வைத்து, மாமனார் வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டினேன். மனைவி அருகில் அமர்ந்து தாடையைப் பார்த்துக்கொண்டே வந்தார். மகள் முதல் திருப்பத்தில் சிணுங்கிவிட்டுப் பிறகு தூங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டின் இறுக்கத்தை மீண்டும் சோதித்தேன்; வேகத்தடைகளில் ஏறி இறங்கியதில் சிறிது தளர்ந்திருந்ததால் மறுபடியும் இழுத்து இறுக்கினேன். இனி ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறேன். வண்டி நிற்கும்போது இருக்கையின்மேல் மாமனாரின் பழைய வெள்ளை வேட்டியை விரித்து மூடி வைக்கிறோம்.

மாமியார் பொம்மையை வைத்து வார்களை மாட்டி அவிழ்த்துப் பத்து முறையாவது பழகியிருப்பார். நாங்கள் புறப்படும் நாளில் தோளருகே வாரைக் கிள்ளிப் பார்க்கும் வேலை தம்முடையது என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.